அக்கா பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு வேலைக்குப் போகிறார், தங்கை உதவித்தொகையில் வீட்டில் இருக்கிறார்: யார் பக்கம் நியாயம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கேட்டவரும் அவர் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒன்றரை வயது மகன் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை காப்பகத்தில் இருக்கிறான். அம்மாவின் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி அந்தக் கட்டணத்துக்கே போய்விடுகிறது. கணவரைப் பிரிந்த தங்கை, இரண்டு பிள்ளைகளோடு அரசு உதவித்தொகையில் வீட்டில் இருக்கிறார். ஒரு நாள் பேச்சு முற்றி, "பெத்த பிள்ளையை யார் கையிலயோ குடுத்துட்டுப் போறே" என்று தங்கை சொல்ல, "என் வரிப்பணத்துல உக்காந்து சாப்பிடுற நீ பேசாதே" என்று அக்கா சொல்லிவிட்டார். மூன்று மாதமாகப் பேச்சில்லை. "நான் சொன்னதில் என்ன தப்பு? பிள்ளைக்கு உண்மையிலேயே எது நல்லது?" என்று கேட்கிறார்.

நான் ஆறு வருடம் ஒரு குழந்தைக் காப்பகத்தில், கைக்குழந்தைகள் அறையில் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு பல வருடமாக, உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் கண்ணீரோடு பிள்ளையை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் தங்கையைப் போன்றவர்கள் என் எதிரில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு படிவம் நிரப்பியிருக்கிறார்கள். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் சொன்னது தவறு. எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே பல நாட்டு விதிகளை எடுத்துப் பேசுகிறேன்.

முதலில் அந்த வரிப்பணம். உதவித்தொகை கொடுக்கும் நாடுகளில் பெரும்பாலானவை காப்பகத்துக்கும் பணம் கொடுக்கின்றன. இங்கிலாந்தில் 2025 செப்டம்பரிலிருந்து, வேலைக்குப் போகும் பெற்றோரின் ஒன்பது மாதக் குழந்தை முதல் பள்ளி சேரும் வயதுவரை, வருடத்தில் 38 வாரம், வாரத்துக்கு 30 மணி நேரக் காப்பகச் செலவை அரசு ஏற்கிறது. பெற்றோரில் ஒருவர் வருடத்துக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால் அது நின்றுவிடும். கனடா 2021 பட்ஜெட்டில், சராசரிக் கட்டணத்தை நாளுக்கு 10 டாலராகக் குறைப்பதற்காக ஐந்து வருடத்துக்கு 30 பில்லியன் டாலர் வரை ஒதுக்கியது. நீங்கள் கட்டும் கட்டணம் உங்களுக்கு மலையாகத் தெரிகிறது. அது உண்மைதான். ஆனால் பல இடங்களில் அந்த மலையின் இன்னொரு பாதியை மற்றவர்களின் வரி தாங்குகிறது. உங்கள் தங்கை கடையில் ஒரு பொருள் வாங்கும்போது கட்டும் வரியும் அதில் உண்டு.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அரசுப் பணத்தில் வீட்டில் இருந்து பிள்ளை வளர்ப்பவர்கள் உங்கள் தங்கை வகையினர் மட்டும் இல்லை. மூன்று அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். முதலாமவர் ஸ்வீடனில் இருக்கிறார். 1974லேயே அம்மா, அப்பா இருவருக்கும் பொதுவான பெற்றோர் விடுப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்த நாடு அது. இன்று ஒரு குழந்தைக்கு 480 நாள் கிடைக்கிறது. அதில் 390 நாளுக்கான பணம் முந்தைய சம்பளத்தை ஒட்டி, ஏறக்குறைய 80 சதவீதமாக, பொதுக் காப்பீட்டிலிருந்து வருகிறது. இரண்டாமவர் ஜெர்மனியில், நல்ல சம்பளம் வாங்கும் கணவரோடு வீட்டில் இருக்கிறார். 1958லிருந்து அங்கே கணவன் மனைவி வருமானத்தைக் கூட்டி இரண்டாகப் பிரித்து வரி போடும் முறை இருக்கிறது. மனைவிக்குச் சம்பளம் இல்லையென்றால் குடும்பத்துக்குப் பெரிய வரிச் சலுகை கிடைக்கும். கணவரின் சம்பளம் ஏற ஏறச் சலுகையும் ஏறும். மூன்றாமவர் கணவன் இல்லாமல், முன்பு நிலையான வேலையும் இல்லாமல், உதவித்தொகையில் இருப்பவர்.

மூவர் வீட்டுக்கும் பொதுப்பணம்தான் வருகிறது. மூவரும் பகலெல்லாம் செய்வது ஒரே வேலை. முதலாமவரை விடுப்பில் இருக்கிறார் என்கிறோம். இரண்டாமவரைக் குடும்பத்தலைவி என்கிறோம். மூன்றாமவரை மட்டும்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்கிறோம். சம்பளச் சீட்டு வழியாகவோ கணவரின் வரிக் கணக்கு வழியாகவோ வந்தால் மதிப்பாக இருக்கும் அதே பணம், உதவி அலுவலகத்தின் வழியாக வரும்போது அவமானமாகிவிடுகிறது. இத்தனை வருடத்தில் என் மனதை அதிகம் அறுத்த விஷயம் இதுதான். இதை உங்களிடம் சொல்லவேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இந்த அவமானம் பழங்காலத்திலிருந்து வருவதும் இல்லை. தாய் வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்காகவே ஆரம்பிக்கப்பட்ட உதவி இது. அமெரிக்காவில் 1911ல் இல்லினாய் மாநிலம் தாய்மார் உதவித்தொகைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணம், வறுமைக்காக ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து அனாதை இல்லத்தில் சேர்க்கக் கூடாது என்பதுதான். 1935ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதே எண்ணம் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் எந்தத் தாய் வீட்டில் இருக்கலாம் என்பதில் அப்போதே பாகுபாடு இருந்தது. லூசியானா மாநிலம் 1943ல், வயலில் வேலை கிடைக்கும் பருவத்தில் உதவியை மறுக்கும் விதியைப் போட்டது. அதில் பெரும்பாலும் அடிபட்டவர்கள் கறுப்பினத் தாய்மார்கள்.

1971 டிசம்பரைப் பாருங்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் காப்பக வசதியை விரிவாக்கும் மசோதாவை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. பிள்ளை வளர்ப்பைக் குடும்பத்திடமிருந்து பொது அமைப்புகளின் பக்கம் தள்ளுகிறது என்று சொல்லி அதிபர் நிக்சன் அதைத் தடுத்து நிறுத்தினார். அதே மாதக் கடைசியில் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். உதவித்தொகை வாங்கும் தாயின் கடைசிப் பிள்ளைக்கு 6 வயது ஆகிவிட்டால், அவர் வேலைக்குப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றது அது. 1996ல் இது இன்னும் இறுகியது. மத்திய அரசின் பணத்தில் வாழ்நாளில் 60 மாதம்தான் உதவி. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையோடு தனியாக இருக்கும் தாய்க்கும் வாரம் 20 மணி நேர வேலைக் கட்டாயம். கைக்குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை விலக்குக் கொடுக்கலாமா என்பது மாநிலத்தின் விருப்பம்.

பிரிட்டனில் 2008 நவம்பர் வரை, தனியாக வளர்க்கும் தாய் தன் கடைசிப் பிள்ளைக்கு 16 வயது ஆகும்வரை வேலை தேடாமல் உதவி பெறலாம். பிறகு அது 12 ஆனது, 10 ஆனது, 7 ஆனது, 2012 மே மாதத்தில் 5 ஆனது. 2017லிருந்து, பழைய உதவிகளை ஒன்றாக்கிய யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையில், பிள்ளைக்கு 3 வயது ஆனதும் வேலை தேடவேண்டும். ஆஸ்திரேலியா இதற்கு எதிர்த் திசையில் திரும்பியது. 8 வயதில் வைத்திருந்த எல்லையை 2023 செப்டம்பரில் 14க்கு உயர்த்தியது. மூன்று வயதுப் பிள்ளையின் தேவை லண்டனில் ஒன்றாகவும் சிட்னியில் வேறாகவும் இருக்க முடியாது. ஆட்சியும் பட்ஜெட்டும் மாறும்போது எண் மாறுகிறது. உங்கள் தங்கை சோம்பேறியா இல்லையா என்பதற்கு அந்த எண்ணில் விடை இல்லை.

அடுத்து, அவர் ஏன் வேலைக்குப் போகவில்லை என்பது. என் மேசைக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள், தனி ஆள். கையில் நான்காக மடித்த ஒரு வேலை உத்தரவு. மருத்துவமனைத் துப்புரவுப் பிரிவில் வேலை, காலை ஆறு மணிக்கு ஆரம்பம். முகம் நிறையச் சந்தோஷம். நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். சம்பளம் இவ்வளவு வந்தால் உதவி இவ்வளவு குறையும். இரண்டு பிள்ளைகளுக்குக் காப்பகம், பேருந்துச் செலவு. காப்பகம் திறப்பது ஏழரைக்கு, வேலை ஆறு மணிக்கு. இடையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை யார் பார்ப்பது? கடைசியில் வந்த எண்ணைக் காட்டினேன். அவர் கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பி, முதலிலிருந்து தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார். அதே எண் வந்தது. உத்தரவை மறுபடி நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஆறு மாசம் கழிச்சு வந்து கேக்கலாமா மேடம்?" என்றார். வேலை செய்யப் பிடிக்காதவர் இரண்டு முறை தட்டிப் பார்க்க மாட்டார்.

பிரிட்டனின் விதியையே எடுத்துக்கொண்டு கணக்கைக் காட்டுகிறேன். வரி கட்டும் அளவுக்கு மேல், உதவிக் குறைப்பு ஆரம்பித்துவிட்ட நிலையில், கூடுதலாக 100 பவுண்டு சம்பாதிக்கும் தாயை நினையுங்கள். வருமான வரி 20, காப்பீட்டுச் சந்தா 8. மிச்சம் 72. அந்த 72ல் 55 சதவீதத்தை உதவித்தொகையிலிருந்து கழிப்பார்கள். கையில் நிற்பது 32 பவுண்டு சொச்சம். இதற்குள் காப்பகச் செலவில் அவர் பங்கு வரவேண்டும். உதவி 85 சதவீதம் வரைதான், மீதி அவருடையது. அதுவும் உச்சவரம்புக்கு உட்பட்டே கிடைக்கும். பெரும்பாலும் முதலில் கட்டிவிட்டு ரசீது காட்டித்தான் திரும்ப வாங்கவேண்டும். சேமிப்பு இல்லாதவர் முதல் மாதக் கட்டணத்தை எங்கிருந்து கட்டுவார்? வேலை கிடைத்தும் போக முடியாமல் நின்றவர்களில் பலர் இந்த ஒரு இடத்தில் தடுக்கிவிழுந்தவர்கள். முதல் தவணைக்கு முன்பணம் கிடைக்கும் வழி 2023ல் வந்தது. அது இருப்பதே தெரியாதவர்கள் இன்னும் என்னிடம் வருகிறார்கள்.

காப்பகக் கட்டணம் ஏன் இப்படி ஏறுகிறது என்று நீங்கள் கோபப்படுவதும் எனக்குப் புரிகிறது. உள்ளே இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், அதில் கொள்ளை லாபம் என்பது எப்போதும் காரணம் இல்லை. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைகளுக்கு ஒரு ஊழியர் இருக்கவேண்டும், இரண்டு வயதில் ஐந்து பேருக்கு ஒருவர். ஒரு ஆளின் சம்பளம், இடத்தின் வாடகை, காப்பீடு எல்லாம் மூன்றே குடும்பங்களின் தலையில் விழுகிறது. இயந்திரம் வைத்து இதை விரைவாக்க முடியாது. ஒரு ஆள் ஒரே நேரத்தில் ஆறு கைக்குழந்தைகளுக்குப் பாலூட்ட முடியாது. அதனால் கட்டணம் உங்களை அழுத்துகிறது, இன்னொரு பக்கம் ஊழியரின் சம்பளமும் அடிமட்டத்தில் இருக்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் என் சக ஊழியர்களில் இரண்டு பேர் தங்கள் குழந்தைகளை அதே காப்பகத்தில் விடக் கட்டுப்படியாகாமல் வேலையை விட்டார்கள். அவர்களில் ஒருவர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். வெள்ளிக்கிழமைவரை மூன்று குழந்தைகளை வளர்க்கும் உழைப்பாளி, திங்கட்கிழமை தன் குழந்தையை வளர்க்கும்போது சும்மா இருப்பவர் ஆகிவிட்டார்.

2009ல் இங்கிலாந்தில் நடந்த ஒன்று இதற்குப் பொருத்தம். காவல்துறையில் ஒரே பணியைப் பகுதி நேரமாகப் பகிர்ந்துகொண்ட இரண்டு பெண்கள், ஒருவர் வேலைக்குப் போகும் நாளில் மற்றவர் இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார்கள். காசு கைமாறவில்லை. ஆனால் மேற்பார்வை அமைப்பான ஆஃப்ஸ்டெட், இலவசமாகக் குழந்தை பார்த்துக்கொள்வதே ஒரு பிரதிபலன், ஆகவே பதிவு செய்யாமல் இப்படிச் செய்வது சட்டமீறல் என்று சொல்லிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு பின்வாங்கி, நண்பர்கள் இப்படிப் பார்த்துக்கொள்ள விலக்குக் கொடுத்தது. அதுவரை தோழியின் பிள்ளையைப் பார்த்தால் அது சட்டத்தின் கண்ணில் தொழிலாக இருந்தது. சொந்தப் பிள்ளையைப் பார்த்தால் அதற்குப் பெயரே இல்லை.

இனி, பிள்ளைக்கு எது நல்லது என்ற கேள்வி. தங்கை உங்களைக் குத்திய இடம் இதுதான் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

"காப்பகமா வீடா" என்று கேட்டால் ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசாது. எந்த வயதில், எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட காப்பகம், எப்படிப்பட்ட வீட்டுக்குப் பதிலாக என்று கேட்டால்தான் பதில் தெளியும். அமெரிக்காவில் 1991ல் ஆரம்பித்து, பத்து இடங்களில் 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த அரசு ஆய்வு ஒன்று இருக்கிறது. தரமான காப்பகத்தில் இருந்த குழந்தைகளின் மொழியும் சிந்தனைத் திறனும் ஓரளவு மேலாக இருந்தன. மிக அதிக மணி நேரம் காப்பகத்தில் கழித்தவர்களிடம் முரட்டுத்தனம் போன்ற நடத்தைச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் இந்த இரண்டையும்விடக் குடும்பத்தின் தாக்கமே பலமாக இருந்தது. அம்மாவின் மனநிலை, வீட்டில் பேசும் பேச்சு, வருமானம், குழந்தையிடம் காட்டும் பரிவு ஆகியவை அவன் காப்பகத்துக்குப் போகிறானா இல்லையா என்பதைவிடப் பெரியவை.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997ல் நாளுக்கு 5 டாலர் காப்பகத்தைக் கொண்டுவந்தது. அம்மாக்கள் பெருமளவில் வேலைக்குப் போனார்கள். ஆனால் பேக்கர், குரூபர், மில்லிகன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் பார்த்தபோது, குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் சராசரியாகக் கூடியிருந்தன. பெற்றோரின் பொறுமையும் குறைந்திருந்தது. அவசரமாக விரித்ததில் தரம் இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்ததும் அங்கே உண்மை. அதே தரவைப் பிரித்துப் பார்த்த பிற்கால ஆய்வுகளில், வசதி குறைந்த, தனித்த பெற்றோரின் குழந்தைகளில் பலருக்கு நன்மை கிடைத்தது தெரிந்தது. இத்தாலியின் பொலோனியா நகரில் வசதியான வீட்டுக் குழந்தைகளைப் பார்த்த ஆய்வு, இரண்டு வயதுக்குள் காப்பகத்தில் கழித்த காலம் கூடக்கூடப் பிற்கால அறிவுத்திறன் மதிப்பெண் சற்றுக் குறைந்ததாகச் சொன்னது. நார்வேயில் 1975 சட்டத்துக்குப் பிறகு மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காப்பகம் விரிந்தது. அந்தக் குழந்தைகள் முப்பது வயதைத் தாண்டியபோது அதிகம் படித்திருந்தார்கள், உதவித்தொகையை நம்பியிருந்தவர்களும் குறைவு. அதிகம் படிக்காத தாய்மாரின் பிள்ளைகளுக்கு நன்மை இன்னும் கூடுதல்.

தங்கையின் பக்கத்துக்கும் சான்று உண்டு. நார்வே 1998ல், அரசு உதவி பெறும் காப்பகத்துக்கு அனுப்பாத சின்னக் குழந்தைகளுக்காகப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. அம்மாக்கள் வீட்டில் இருந்த அந்தக் குடும்பங்களில், பள்ளியில் படிக்கும் மூத்த பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சற்று உயர்ந்தது. பள்ளி விட்டு வந்தால் வீட்டில் ஆள் இருந்ததன் பலன். அதேசமயம் பின்லாந்தின் வீட்டுப் பராமரிப்புத் தொகையை ஆராய்ந்தவர்கள், அம்மாக்களின் வேலைவாய்ப்பு நீண்ட காலத்துக்குக் குறைந்ததையும், குழந்தைகளின் ஆரம்பத் திறன் சோதனைகள் கொஞ்சம் பின்தங்கியதையும் கண்டார்கள்.

எல்லாரும் மேற்கோள் காட்டும் பெர்ரி பாலர் பள்ளிச் சோதனை 1962ல் மிச்சிகன் மாநிலத்தில் ஆரம்பித்தது. 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளில் ஒரு பாதிக்கு மட்டும் பாலர் பள்ளி. நாற்பது வயதில் அவர்கள் மற்ற பாதியைவிட அதிகம் சம்பாதித்தார்கள், கைதானது குறைவு. ஆனால் அந்தப் பள்ளி நாளுக்கு இரண்டரை மணி நேரம்தான். வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே போய் அம்மாவோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார். அந்தக் குடும்பங்களில் கணிசமானவை உதவித்தொகையில் இருந்தவை. தரமான காப்பகத்துக்கு உலகம் காட்டும் மிகப் பெரிய சான்று, உங்கள் தங்கை வீட்டைப் போன்ற வீடுகளில் இருந்து வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் இங்கிலாந்தின் அந்த 30 மணி நேர விதி எனக்கு வலிக்கிறது. அம்மா வேலையில் இல்லையென்றால் அந்தக் குழந்தைக்கு அது இல்லை. அதிகம் பயனடையக்கூடிய குழந்தைக்குக் குறைவான நேரம் கிடைக்கிறது.

என் முடிவைக் கேட்டால், முதல் ஒரு வருடம், முடிந்தால் ஒன்றரை வருடம், அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருக்க எல்லோருக்கும் பணம் வேண்டும் என்பேன். இரண்டு வயதுக்குப் பிறகு தரமான காப்பகத்தில் நாளில் சில மணி நேரம் எந்தக் குழந்தைக்கும் நல்லது, அம்மா வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று பார்க்கத் தேவையில்லை. ஜெர்மனியில் 2013 ஆகஸ்ட் 1 அன்று, ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பக இடம் சட்டப்படியான உரிமையானது. அதே நாளில், அந்த இடத்தை எடுத்துக்கொள்ளாத பெற்றோருக்கு மாதம் 100 யூரோ தரும் திட்டமும் ஆரம்பித்தது. ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. 2015 ஜூலையில், இதைச் சட்டமாக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்று அரசியல் சாசன நீதிமன்றம் பணத் திட்டத்தை ரத்து செய்தது. இடத்தைத் துறந்தால்தான் பணம் என்று கட்டியதுதான் எனக்கு அதில் பிடிக்காதது. ஏழைத் தாய் பணத்தைத்தான் எடுப்பாள், அவள் குழந்தை அந்த இடத்தை இழக்கும்.

பணமும் தன்னளவில் ஒரு பராமரிப்புதான். அமெரிக்கா 2021ல் குழந்தை வரிச் சலுகையை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைக்கும்படி ஒரு வருடம் மட்டும் உயர்த்தியது. சிறு குழந்தைக்கு 3,600 டாலர்வரை. அந்த ஆண்டு, அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவீட்டில், குழந்தை வறுமை 5.2 சதவீதமாக இறங்கியது. திட்டம் முடிந்த அடுத்த ஆண்டு 12.4 சதவீதம். ஒரே வருடத்தில் அம்மாக்களின் குணம் மாறவில்லை. வீட்டுக்கு வந்த பணம் நின்றுபோனது.

உங்களுக்காக ஒன்று. காலையில் என் கைக்கு வந்த ஒரு குழந்தை, அம்மாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டான். ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுப்பேன். கதவு மூடியபின் அந்த அம்மா தாழ்வாரத்திலேயே நின்று அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் மூன்று நிமிடம் கழித்துக் கதவை லேசாகத் திறந்து காட்டினேன். மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஒரு மூடியைத் தரையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மாலையில் அதே நாடாவைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான். எங்களில் யார் எத்தனை தூக்கினாலும் அவன் யாருடைய பிள்ளை என்பதில் அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆகவே உங்கள் மகனை யாரோ வளர்க்கிறார்கள் என்ற பேச்சை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். காப்பகத்தில் பார்க்கவேண்டியது வேறு. அவன் அறையில் ஊழியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, மாலையில் அவன் நாளைப் பற்றிச் சொல்ல ஒரே ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். பத்து மணி நேரத்தை எட்டாக்க உங்களாலோ உங்கள் கணவராலோ முடியுமா என்றும் யோசியுங்கள். நீங்கள் எழுதிய முழுக் கேள்வியில் கணவரின் வேலை நேரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. காப்பகக் கட்டணம் உங்கள் சம்பளத்தில் பாதி என்று எழுதினீர்கள். அது இரண்டு பேருடைய சம்பளத்திலிருந்தும் போகவேண்டியது.

வீட்டில் இருப்பதற்கு நீண்ட கால விலை உண்டு என்பதையும் மறைக்கமாட்டேன். டென்மார்க் போன்ற, காப்பகம் தாராளமாகக் கிடைக்கும் நாட்டிலேயே முதல் குழந்தைக்குப் பிறகு பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிட்டால் சுமார் 20 சதவீதம் இறங்கி, அப்படியே நின்றுவிடுவதைப் பொருளாதார அறிஞர் கிளெவன் குழுவின் ஆய்வு காட்டியது. பல வருடம் வேலையில் இல்லாமல் இருந்து, கடைசிப் பிள்ளை விதியின் வயதைத் தாண்டியதும் உதவி குறைந்து, கையில் அனுபவச் சான்று எதுவும் இல்லாமல் என் முன்னால் வந்து நிற்கும் பெண்களைப் பார்ப்பது கொடுமை. உங்கள் தங்கைக்கு உங்களால் உதவ முடியும் இடம் இதுதான்.

அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகும்போது சில கேள்விகளையும் கொண்டுபோங்கள். கடைசிப் பிள்ளைக்கு எந்த வயதில் அவருடைய விதி மாறுகிறது? அதற்கு ஒரு வருடம் முன்பே பயிற்சியோ பகுதி நேர வேலையோ ஆரம்பித்தால் உதவியில் எவ்வளவு கழியும்? முதல் மாதக் காப்பகக் கட்டணத்துக்கு முன்பணம் உண்டா? பிள்ளை வளர்த்த வருடங்கள் அவர் ஓய்வூதியக் கணக்கில் ஏறுகின்றனவா? பிரிட்டனில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்காக அரசு தரும் குழந்தைப் படி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அந்த வருடங்கள் ஓய்வூதியத்துக்குச் சேரும். ஜெர்மனியில் 1992லிருந்து பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று வருடம் சேரும். படிவம் தவறான பெயரில் போனதால் அந்த வருடங்களை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் சம்பளச் சீட்டும் வரிக் கணக்கும் பார்த்துப் பழகியவர். ஒரு மாலை மகனையும் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய், அவருடைய கடிதங்களை மேசையில் பரப்பி இரண்டு பேரும் உட்காருங்கள். கணக்கை அவர் கையாலேயே தட்டச் சொல்லுங்கள்.